மாடியில் மூன்றாம் எண் கூண்டு

தூத்துக்குடி,
மார்கழி 2, புதன்கிழமை மத்தியானம்.

உடன்குடி கருப்பட்டி மொத்த வியாபாரம் மாமா வன்னியபெருமாள் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் தங்கப்பாண்டி பணிவோடு எழுதிக்கொள்வது. குலசை முத்தாரம்மன் காவலில் நீங்களும் அத்தையும், பிரசவத்துக்கு அங்கே வந்திருக்கும் உங்கள் மகள் முத்துக்கனியும், அவள் வயிற்றில் இருக்கும் எட்டு மாதமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பேத்தி சந்தனச்செல்வி என்னைவிடச் சௌக்கியம். பலசரக்குக் கடை வழக்கம்போல நடக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியும் நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் விவரமாக எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை நீங்கள் போன் போட்டு, "மாப்ள, வெள்ளிக்கிழம காரு எடுத்துட்டு வாரேன், பிள்ளைய இங்கன கூட்டிட்டு வந்துருதேன். இனிமே படிப்பும் இங்கனயே இருக்கட்டும். ஒமக்குக் கடையப் பாக்கவே நேரம் பத்தாது" என்று சொன்னீர்கள். நான் "மாமா" என்று ஆரம்பிக்கும்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை. மறுபடி போட்டேன், அத்தை எடுத்து, மாமா குளிக்கப் போயாச்சு என்றார்கள். மூன்றாவது தடவையும் நீங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். இந்தக் குளிரில் இத்தனை குளியல் உடம்புக்கு ஆகாது, மாமா. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று, நாலு மணிவரை தொந்தரவு இல்லை. நாளை கருப்பட்டி இறக்க வரும் உங்கள் வேன் டிரைவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். செல்வியிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. 

நடந்ததை நீங்கள் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுசாகக் கேட்டால் மனசு மாறும் என்று ஒரு நம்பிக்கை. டிசம்பர் ஒன்றாம் தேதி பெய்த மழையில் பள்ளிக்கூட மைதானத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. வகுப்பறைக்குள் தவளை வந்து உட்கார்ந்துவிட்டது. அரைப் பரீட்சை லீவு முடியும்வரை சின்ன வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று சொல்லி, செல்வியின் டீச்சர் ஜெப்ஸி மிஸ் 'குளிர்காலத்தில் கற்போம்' என்று பன்னிரண்டு தாள் கொண்ட கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். எல்லாத் தாளின் தலையிலும் சிவப்பு மையில் ஒரே வரி: 'பிறர் சொன்னதை அல்ல, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.' நான் அதைச் சும்மா ஒரு அலங்காரம் என்று நினைத்தேன். கடையில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதி வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி. செல்வி அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் தாளில், குளிர்காலத்தில் நாம் அணியும் உடைகளுக்கு வண்ணம் தீட்டுக என்று ஸ்வெட்டர், கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் வரைந்திருந்தது. அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். நின்றுவிட்டு உள்ளே வந்து எழுதினாள்: 'தலைக்குத் துண்டு. கைக்கு ஒன்றும் இல்லை. வேட்டி முழங்காலுக்கு மேலே. செருப்பு கையில்.' நான் சிரித்தேன். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏழாம் தாள், மழையை அளப்பது. வாய் அகன்ற ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை ஆறரை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று பார்த்து எழுத வேண்டும். கடையிலிருந்து காலி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காக்கா தட்டிவிடாத இடமாகப் பார்த்து நானே வைத்துக் கொடுத்தேன். இடம் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் நாள் காலையில் அவளோடு மேலே போனேன். ஈரத்தரையில் முட்டி போட்டு, ஸ்கேலை டின்னுக்குள் நிறுத்தி, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். மேலேயிருந்து பார்த்தாலே தெரிகிறதே என்றேன். கண் தண்ணிக்கு நேரா இருக்கணும்ப்பா, இல்லைன்னா பொய் சொல்லும் என்றாள். மாமா, பதினோரு வருடமாக நான் இந்தக் கடையில் தராசு பிடிக்கிறேன். ஒரு நாளும் முள்ளுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனதில்லை. எனக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் தாளில்தான் வினை இருந்தது. அன்றைய வானிலையைத் தெருவில் உள்ளவர்கள் அறியும்படி ஒரு அடையாளம் செய்து வைக்க வேண்டுமாம். அந்த வாரம் டி.வி.யில் காலையும் மாலையும், தூத்துக்குடித் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் ஏற்றினால் தெருவுக்கு எப்படித் தெரியும், நம்ம வீட்டில் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டாள். நீங்கள் கருப்பட்டி அனுப்புகிற ஓலைப்பெட்டிகளில் மூன்றை எடுத்தாள். ஷட்டருக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டைப் பூசினாள். டிஷ் ஆன்டெனாக் கம்பியில் கொடிக்கயிறு கட்டிக் கொடுத்தது நான். இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு பெட்டி, ஐந்து என்றால் இரண்டு, பத்தைத் தாண்டினால் மூன்று என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டிவிட்டாள். அட்டையை ஒருத்தரும் வாசிக்கவில்லை. பெட்டியை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். அது நேற்றுப் பெய்ததன் கணக்கு. தெருவோ அதை இனிமேல் பெய்யப் போவதாக எடுத்துக்கொண்டது. இந்த மாதத்தில் மழை வரும் என்று ஆடு கத்தினாலும் பலிக்கும், ஐந்து நாளும் பலித்தது. தருவைகுளத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்து நம் கடைக்கு எதிரே உட்காரும் அமலோற்பவம் அக்கா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் நம் மாடியைத்தான் பார்ப்பாள். எங்க வீட்டு ஆம்பளைவ செல்போனப் பாத்துக் கடலுக்குப் போறாவ, நான் ஒம் மவ கூண்டப் பாத்துத்தான் கருவாடு விரிக்கேன் என்று என்னிடமே சொன்னாள். வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியாவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா, மாமா?

ஆறாம் நாள் வானம் கழுவி விட்டமாதிரி இருந்தது. அன்றைக்குப் பார்த்து மாடியில் மூன்று பெட்டியும் ஏறி நிற்கிறது. எதிர்வீட்டு செல்வதுரை அண்ணாச்சி மேல்மாடிக்குத் தளம் போட, மழை விடட்டும் மழை விடட்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்தவர். அன்று விடியவே கலவை மெஷின், பதினாறு ஆள், எல்லாம் வந்து நிற்கிறது. அவர் நம் மாடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்ப நம் மாடியைப் பார்த்தார். மெஷினையும் ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார். அமலோற்பவம் அக்கா கருவாட்டின் மேல் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலைக்கும் கல் வைத்தாள். அதன் பிறகு அடித்தது பாருங்கள் வெயில், வத்தலே போட்டு எடுத்திருக்கலாம். சாயங்காலம்வரை ஒரு பொட்டுத் தூறல் இல்லை. அடுத்த இரண்டு நாளும் விடாத மழை. அண்ணாச்சி கடை வாசலில் நின்று என்னைப் பேசினார். இங்கே எழுதக்கூடிய பேச்சு இல்லை. நானும் விடவில்லை, பிள்ளை அறிவியல் முறைப்படி அளந்திருக்கிறது, டின்னில் இருபத்து நாலு சென்டிமீட்டர் நிறைந்து வழிந்தது, அதற்கு மேல் டின் இல்லாததால் நின்றது, வந்து பார்த்துக்கொள்ளும் என்று சத்தம் போட்டேன். உள்ளூர எனக்கும் ஆச்சரியம்தான். ராத்திரி இவ்வளவு மழை பெய்து எனக்குத் தெரியாமல் போயிருக்கிறதே என்று.

செல்வி சண்டையில் கலந்துகொள்ளவில்லை. அவள் கடைக்குள் போய் இன்னொரு பிஸ்கட் டின் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். தொட்டிக்கு நேர் எதிர் மூலையில் அதை வைத்தாள். பழைய டின்னுக்கு 'அ', புதிதுக்கு 'ஆ' என்று பேர். நோட்டில் இரண்டு கட்டம் போட்டாள். இரண்டு நாள் மழை, இரண்டு டின்னிலும் ஒரே அளவு. வியாழக்கிழமை 'அ' டின் வழிந்தது, 'ஆ' டின்னில் ஒரு சொட்டு இல்லை. அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. என்னிடம் வந்து, காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மோட்டார் போட்டீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். ஐந்துக்குப் போட்டேன், ஐந்தேகாலுக்கு நிறுத்தினேன் என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அவள் பார்க்காதது அது. சனிக்கிழமை விடிகாலையில் நான் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பால் பாக்கெட் இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் குடையும் நோட்டுமாகத் தொட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தொட்டி நிறைந்து, மேல் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே பாய்ந்து, நான் காக்காய்க்குப் பயந்து பார்த்துப் பார்த்து வைத்த டின்னில் நேராக விழுவதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். ஆறரைக்கு நோட்டில் எழுதினாள்: 'மழை இல்லை. அப்பா மோட்டார்.' பழைய இருபத்து நாலுக்கும் வியாழக்கிழமைக்கும் பக்கத்தில் அதே வார்த்தை. பன்னிரண்டு நாளில் மூன்று நாள்.

மாமா, நான் அந்த நோட்டை வாசித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வயது எட்டு. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கச் சொன்னால் பத்துத் தடவை சொல்ல வேண்டிய பிள்ளை. இது எங்கிருந்து வந்தது? என் பக்கத்தில் இப்படி ஒருத்தரும் இல்லை, உங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். வெட்கத்தைவிட எனக்கு அதிசயம்தான் பெரிதாக இருந்தது. ஆனாலும் நான் தகப்பன், மனுசன், கடை வைத்திருப்பவன். நோட்டு மிஸ் கைக்குப் போகும், முத்துக்கனி பார்ப்பாள், நீங்கள் பார்ப்பீர்கள். ரப்பரை எடுத்துக் கொடுத்து, மூன்று நாளுக்கும் 'லேசான தூறல்' என்று மாற்றிவிடு, உனக்குப் பென்சில் பாக்ஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். பாக்ஸில் காந்தம் உண்டு என்றும் சொன்னேன். அவள் ரப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தூறல நான் பாக்கலயேப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நோட்டைப் பார்க்க வீட்டுக்கு வந்த ஜெப்ஸி மிஸ் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, மிகச் சிறந்த செயல்பாடு என்று பூங்கொத்துப் படமெல்லாம் வைத்து, பெற்றோர்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் 'அப்பா மோட்டார்' வாசித்தார்கள். செல்வதுரை அண்ணாச்சி மருமகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அண்ணாச்சி அன்று சாயங்காலமே கடைக்கு வந்தார், இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "ஏலே தங்கப்பாண்டி, பிள்ள சரியாத்தாம்ல அளந்திருக்கு. நீதான் பெஞ்சிருக்க" என்றார். செல்வியைக் கூப்பிட்டு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் நம் கடையினுடையது. முத்துக்கனி அந்தப் போட்டோவை உங்களுக்கு அனுப்ப, நீங்கள் எனக்குப் போன் போட, நான் இப்போது இந்தக் காகிதத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிஸ் போட்டது நோட்டின் இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கத்துக்கு 'உடன்குடி' என்று தலைப்பு. அம்மா ஊரில் மழை எவ்வளவு என்று தெரியாமல் செல்வியால் சாப்பிட முடிவதில்லை. உங்கள் வீட்டு வாசலில் முத்துக்கனியைச் சொம்பு வைக்கச் சொல்லி, தினமும் காலையில் போன் போட்டு அளவு கேட்டு எழுதுகிறாள். அது அவள் பார்க்காததுதானே என்று மடக்கினேன். அதனால்தான் மேலே 'அம்மா பார்த்தது' என்று போட்டிருக்கேன் என்றாள். அந்தப் பக்கத்தில் ஒன்பதாம் தேதிக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் நேராக, 'அளவு தெரியவில்லை. தாத்தா கால் கழுவிட்டாங்க' என்று இருக்கிறது. மிஸ் வலப்பக்கத்தை இன்னும் குழுவில் போடவில்லை. போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள், மாமா. பள்ளிக்கூடம் உடன்குடியிலும் நல்ல பள்ளிக்கூடம்தான், நான் குறை சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் ஆசைதான். ஆனால் முத்துக்கனி வந்து சேர இன்னும் நாலைந்து மாதம் ஆகும். இந்த வீட்டில் இப்போது கேட்கிற ஒரே சத்தம் செல்வி தாளை வாய்விட்டு வாசிக்கிற சத்தம்தான். அதுவும் இல்லையென்றால் நான் கடையை மூடிவிட்டு மேலே ஏறி என்ன செய்வேன்? அவளை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன், ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிடும், அவ்வளவுதான். காலையில் அலாரம் அடித்ததும் அவள் என்னை எழுப்பிவிடுகிறாள், நான் எழுந்து அவளை எழுப்புகிறேன். அடுப்பில் பால் வைத்தால் அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறாள். கடைச் சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளிடம் கேட்டால் போதும். மோட்டார் விஷயத்தில் நான் முழுக்கத் திருந்திவிட்டேன். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுவரை ஒரு நிமிடம்கூட அது கூடுதலாக ஓடியதில்லை. இது முத்தாரம்மன் மேல் சத்தியம். பெரியவர்கள் மனசு வைத்து வெள்ளிக்கிழமைக் காரை நிறுத்த வேண்டும். இன்னும் நாலு தாள் பாக்கி இருக்கிறது, பதினோராம் தாளில் நிழலை அளக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். முத்துக்கனியைக் குனிந்து சொம்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லவும், யாராவது எடுத்துக் கொடுக்கட்டும். பிறக்கப்போகிற பிள்ளை ஆணோ பெண்ணோ, உங்கள் ஆயுசும் அத்தையின் பொறுமையும் வாய்க்கட்டும். பெரியவர்கள் ஆசீர்வாதம் எங்கள் இருவர் தலைமேலும் என்றைக்கும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
தங்கப்பாண்டி.

பி.கு.: மணி நாலாகப் போகிறது. கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது தெருவில் அமலோற்பவம் அக்காவின் குரல் கேட்டது, தம்பி, மூணு கூண்டும் ஏறிட்டு, கருவாட்ட எடுக்கவா வேண்டாமா என்று. வெளியே நல்ல வெயில். இரண்டு மணிக்கு, எழுத உட்காருவதற்கு முன்னால், தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று மோட்டாரைப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப் போனால் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. பாவாடையெல்லாம் நனைந்து, நோட்டை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு செல்வி படியிறங்கி வருகிறாள். எனக்குத் தெரியட்டும் என்று மூன்று கூண்டையும் ஏற்றிப் பார்த்து, நான் வராததால் தானே நிறுத்தினாளாம். ஆகையால் நான் திருந்திவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டு வாசிக்கவும். சத்தியத்துக்கு முத்தாரம்மன் உண்டியலில் நான் தனியாகப் போட்டுக்கொள்கிறேன். இனிமேல் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, வெள்ளிக்கிழமை தாத்தா உன்னைக் கூட்டிப் போக வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். குனிந்து பாவாடையைப் பிழிந்தாள். அம்மாவை நினைக்கிறாள் என்று நினைத்தேன். "நான் அங்கன போயிட்டா, மோட்டார யாருப்பா நிறுத்துவா?" என்று கேட்டாள். மாமா, இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் வெள்ளிக்கிழமை வாருங்கள்.